'தமிழ் பேசும் மக்கள்': ஒரு தொடரின் வரலாறும் வரம்பும் (திருகோணமலையை முன்னிறுத்திய ஒரு விமர்சன நோக்கு)

இலங்கைத் தமிழரது அரசியல் மொழியிலே எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் தொடர்களுள் 'தமிழ் பேசும் மக்கள்' என்பது தலையாயது. மேடையிலும் தீர்மானத்திலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் அது எளிதாக எடுத்தாளப்படுகின்றது. அவ்வெளிமையினாலேயே இரண்டு உண்மைகள் மறக்கப்பட்டுவிடுகின்றன. ஒன்று, அத்தொடர் ஒரு வரலாற்றுத் தேவையின் பேறாகத் தோன்றியமை. மற்றது, அது சுட்டிய ஒருமைப்பாடு இன்றுவரை எய்தப்படாமை. மொழியால் ஒன்றுபட்டும் மதத்தால் வேறுபட்டும் நிற்கும் சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய சிறுபான்மையினர் தம்மேற் சுமத்தப்படும் மதவழிக் காழ்ப்பினை ஒன்றுசேர்ந்து எதிர்ப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு இத்தொடர் விடை தருகின்றதா, அன்றி வினாவையே மறைத்துவிடுகின்றதா என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருகோணமலை பொருத்தமான களம். 1949 டிசெம்பரிலே தோற்றம் பெற்ற இலங்கைத் தமிழரசுக் கட்சி தனது முதலாவது தேசிய மாநாட்டை 1951 ஏப்பிரலில் இந்நகரிலேயே கூட்டியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில், வடக்கிலிருந்து தொண்டர்கள் கால்நடையாக வந்துசேர, மீண்டும் இங்கேயே மாநாடு கூடியது. கூட்டாட்சி அரசொன்றின் தலைநகராகக் கருதப்பட்ட துறைமுகநகர் இது. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடருக்கு ஓர் ஊர் உண்டெனில் அது திருகோணமலையே எனலாம்.

அந்நகரினுள்ளும் நாம் எமது நோக்குநிலையைச் சற்று விலக்கி, நகரின் வெளிப்புறத்திலுள்ள பாலையூற்றில் அமைத்துக்கொள்கின்றோம். பாலை மரத்தையும் நீரூற்றையும் பெயரிலே தாங்கிய இவ்வூர் லூர்து அன்னையின் திருத்தலத்தால் அறியப்படுவது. இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரது நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இலங்கைத் தமிழரிடையே சைவர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். இலங்கைக் கத்தோலிக்கரிடையே சிங்களவர் பெரும்பான்மையினர், தமிழர் சிறுபான்மையினர். நாடளாவிய நிலையிலே தமிழரும் கத்தோலிக்கரும் தனித்தனியே சிறுபான்மையினர். பாலையூற்றுக் கத்தோலிக்கர் எப்பக்கம் திரும்பினும் ஒரு பெரும்பான்மை அவரை எதிர்கொள்கின்றது. அவரை வரவேற்கும் பெரும்பான்மையும் உண்டு; ஐயத்துடன் நோக்கும் பெரும்பான்மையும் உண்டு.

இது கத்தோலிக்கருக்கு மாத்திரம் உரிய நிலையன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே மாவட்டத்தின் ஏறக்குறைய 3,79,000 பேருள் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கினராகவும், தமிழர் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைந்தவராகவும், சிங்களவர் காற்பங்கிற்குச் சற்று மேற்பட்டவராகவும் காணப்பட்டனர். கிண்ணியாவிலே தமிழர் சிறுபான்மையினர். திருகோணமலை நகரிலே முஸ்லிம்கள் சிறுபான்மையினர். நாட்டிலே இருசாராரும் சிறுபான்மையினர். ஆகவே சிறுபான்மை என்பதைத் தொகையாக மட்டுங் கொள்ளாது ஓர் அதிகார உறவாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரே மனிதன் அரசாங்கக் கந்தோரில் ஒடுக்கப்படுபவனாகவும் தன் தெருவில் ஒடுக்குபவனாகவும் இருத்தல் கூடும். எமது அரசியற் சிந்தனை இவ்வியல்பினைப் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை.

வரலாற்றைச் சிறிது பின்னோக்குதல் பயனுடையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தனர் என்பதைத் திருகோணமலைச் சைவச் சிறுவன் பாலபருவத்திலேயே அறிந்துகொள்கின்றான். அதே போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களைக் கிழக்கிலே குடியேற்றியவன் கண்டியரசன் செனரத் என்பதை அவன் அறிவதில்லை. பின்வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்ததும், கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் கண்டி இராச்சியத்தைத் தளமாகக் கொண்டு மறைப்பணி ஆற்றியதும் அவனது பாடநூலில் இடம்பெறுமாயினும், தன் கோயிலின் கதையோடு இணைத்து அவன் அவற்றைக் கற்பதில்லை. மூன்று சமூகத்தவரும் ஒரே குடியேற்றவாதத்தின் கையிலே மதத்தின் பெயரால் அடியுண்டவர்கள். இருவருக்குப் புகலிடம் அளித்தது ஒரு பௌத்த அரசு. இவ்வுண்மைகள் யாவும் நூல்களில் உள்ளன. ஒரே நினைவாக ஒன்றுசேர்க்கப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நினைவுகள் மேலும் பிரிந்தன. மிஷனரிமாரின் சைவதூஷணத்துக்கு எதிராக ஆறுமுக நாவலர் நடத்திய இயக்கம் தற்காப்பு இயக்கமே. 1854இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' குடியேற்ற ஆட்சியின் கீழ் ஒரு மதத்தவர் தம்மை நிலைநிறுத்திக்கொள்ள முயன்றதன் சான்று. ஆயின் அவ்வியக்கத்தின் வழியே தமிழும் சைவமும் பிரிக்கவியலா இரட்டையாக நிறுவப்பட்டபோது, தமிழ்க் கிறிஸ்தவர் தமது தமிழ்மையை நிறுவவேண்டியவர் ஆயினர். ஒரு தற்காப்பே மற்றொருவருக்கு மதிலாயிற்று.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை அம்மதில் வேறு வகையில் எழுந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே. மதத்தால் மாத்திரம் வேறுபட்டவர் என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாக நோக்கின் இஃது ஒற்றுமைக்கான வாதம் போலத் தோன்றும். ஆனால் சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவது குறித்துப் பேசப்பட்ட காலம் அது. நீங்களும் நாங்களும் ஒன்றே என்ற கூற்றின் நடைமுறைப் பொருள், உங்களுக்காகவும் நாமே பேசுவோம் என்பதாயிற்று. அடுத்த ஆண்டிலே முஸ்லிம் பிரதிநிதி நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். 1915இன் கலவரத்திலே முஸ்லிம்கள் தாக்கப்பட்டபின், இராணுவச் சட்டத்தின் கொடுமைக்குள்ளான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் சபையிலும் இலண்டனிலும் வாதாடினார். இராணுவச் சட்டத்தை எதிர்த்தமை நியாயமே. ஆனால் கடையும் பள்ளியும் எரிந்தவர்களின் துயர் அவ்வாதத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை. இவ்வடு முஸ்லிம்களின் அரசியல் நினைவிலே ஆழப் பதிந்தது. ஒருவனை 'எம்மவன்' என்று உரிமை கொண்டாடுவதும் அவனுடைய உரிமைக்கு நிற்பதும் இருவேறு செயல்கள் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் எமது வரலாற்றிற் குறைவு.

இப்பின்னணியிலே நோக்கும்போது, தமிழரசுக் கட்சி 'தமிழர்' என்னாது 'தமிழ் பேசும் மக்கள்' என்று சொன்னமை ஒரு முன்னேற்றமே என்பதை நாம் மறுத்தல் ஆகாது. இனத்தின் இடத்திலே மொழி வைக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் வேட்பாளராக முஸ்லிம்கள் வெற்றிபெற்றனர். அவர்கள் பின்னர் அணிமாறியமை எமது மேடைகளிலே துரோகமாக மாத்திரம் விளக்கப்பட்டுவந்துள்ளது. மாவட்டத்துக்கு மாவட்டம் சிதறி, பயிர்ச்செய்கையிலும் வணிகத்திலும் தங்கிவாழும் ஒரு சமூகத்துக்கு அரச ஆதரவு எத்தகைய நிர்ப்பந்தம் என்ற வினாவை எழுப்பியோர் சிலரே. தொடரைத் தந்த தலைவரும் இக்காழ்ப்புக்குத் தப்பினாரல்லர். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரான சா. ஜே. வே. செல்வநாயகம் 1952இலே காங்கேசன்துறையில் தோல்வியுற்ற தேர்தலில், அவரது மதம் எதிர்ப் பிரசாரத்துக்குக் கருவியாக்கப்பட்டது. அவரைத் 'தந்தை' என்று போற்றுவோர் இதனை நினைவுகூர்வது அரிது.

முற்போக்கு அணியினரும் தம் பங்கிற்கு விலக்கல்லர். வர்க்கப் போராட்டம் வலுப்பெறின் மத, இன முரண்பாடுகள் தாமே கரைந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சமயத்தின் பேரால் எந்தச் சமூகத்துக்கும் இடர்விளைக்கும் சட்டத்தைத் தடைசெய்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டு யாப்பிலே கைவிடப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கப்பட்டது. அவ்யாப்பின் சிற்பி இடதுசாரித் தலைவரான கொல்வின் ஆர். டி சில்வா. 1978ஆம் ஆண்டு யாப்பும் அம்முதன்மையிடத்தைத் தொடர்ந்தது. மதவழிப் பாகுபாட்டை 'மேற்கட்டுமானம்' என்று கூறி ஒதுக்கியவர்கள், அது அடித்தளச் சட்டமாகவே எழுதப்பட்டபோது எழுதுகோலைப் பிடித்திருந்தமை ஒரு வரலாற்று முரண்நகை.

இலக்கியத்துக்கு வருவோம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் கத்தோலிக்கர்; சொந்தத் தோணியில்லா மீனவனின் ஏக்கத்தை வரைந்த 'தோணி' அவரது பெயரை நிலைநிறுத்திற்று. மட்டுவிலிலே பிறந்து திருகோணமலையில் வாழ்ந்து 2021இல் மறைந்த நந்தினி சேவியர் சாதியாலும் வர்க்கத்தாலும் ஒடுக்கப்பட்டோரைத் தம் கதைகளின் மையத்தில் நிறுத்தியவர். இவ்விருவரையும் 'கிறிஸ்தவ எழுத்தாளர்' என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. அது நன்றே. ஆயின் முஸ்லிம் படைப்பாளி ஒருவர் அதே கடலையும் வயலையும் எழுதினால் உடனே 'முஸ்லிம் எழுத்தாளர்' என்ற தனிப் பேழையில் வைக்கப்படுகின்றார். எமது இலக்கிய வரலாறுகளின் அத்தியாயப் பிரிப்பே இதற்குச் சான்று. தமிழ் பேசும் மக்களின் இலக்கிய வரலாறு எழுதப்படும்போது கூடத் 'தமிழ்' ஓர் அத்தியாயத்திலும் 'முஸ்லிம்' அதன் பின்னிணைப்பிலும் அமைகின்றன.

இவ்விடத்து எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' மனங்கொள்ளத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எழுந்த கவிதைகளுள் இதுவே மிகப் பரவலாக அறியப்பட்டது. அதனை எழுதியவர் கல்முனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். தமிழரின் பேரிழப்பைத் தமது இழப்பாகக் கொண்டதோடு, எரித்தவர்களின் மதத்தை வசைபாடாமல், அம்மதத்தின் அறவுணர்வே கொலையுண்டதாக அவர் கண்டார். மதவழிக் காழ்ப்பை எதிர்ப்போர் பிறர் மதத்தை எவ்வாறு அணுகவேண்டும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

அந்த அளவுகோலைக் கொண்டு 1990ஆம் ஆண்டை அளந்து பார்ப்பதே கடினமான பணி. அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12ஆம் நாள் வீரமுனையிற் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பள்ளிவாசலும் கோயிலும் அடைக்கலத்தானமாக அல்லாமற் கொலைக்களமாக மாறிய அம்மாதங்களில், 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடர் எவரையும் காக்கவில்லை. காத்தான்குடியைப் பற்றியும் வெளியேற்றத்தைப் பற்றியும் தமிழ்த் தரப்பிலிருந்து எழுந்த குரல்கள் இல்லாமலில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பினர் இருதரப்புக் கொலைகளையும் ஒரே நேர்மையுடன் பதிவுசெய்தனர்; அவ்வமைப்பின் நிறுவுநருள் ஒருவரான ராஜினி திராணகம அதற்கு முன்னரே, 1989 செப்டெம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். ஆயினும் நூலக எரிப்பு எமது மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெற்ற இடத்தின் ஒரு சிறு பகுதியைத்தானும் இவை பெறவில்லை. நுஃமான் எமக்காக எழுதியதை நாம் ஏற்றுக்கொண்டோம். அதே அளவிலே திருப்பிக் கொடுத்தோமா என்பது விமர்சகர்கள் இன்னும் நேராக எதிர்கொள்ளாத வினா.

போருக்குப் பின்னர் நிலைமை புதியதொரு வடிவம் பெற்றது. பேரினவாதத்தின் முதன்மை இலக்காக முஸ்லிம்கள் ஆயினர். தம்புள்ளையில் 2012 ஏப்பிரலிலே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அதே 'புனித பூமி'யிலிருந்த பத்திரகாளி அம்மன் கோயில் 2013 ஒக்டோபரில் இடிக்கப்பட்டது. இரண்டையும் இணைத்துக் கூட்டாகக் குரலெழுப்புவதற்கு அதனினும் வெளிப்படையான சந்தர்ப்பம் வாய்த்தல் அரிது. ஆனால் குரல்கள் தனித்தனியே எழுந்து தனித்தனியே அடங்கின. அளுத்கம 2014, திகன 2018 எனத் தொடர்ந்த வன்முறையின் பின்னர், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய ஆலயங்களிலும் கொழும்பின் உல்லாச விடுதிகளிலும் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் இறந்தோர் தமிழ்க் கிறிஸ்தவர். அவர்களுட் பலர் குழந்தைகள். இத்துயரின் பின் என்ன நிகழ்ந்தது? ஒரு சிறு கும்பலின் குற்றத்துக்கு முழுச் சமூகமும் பொறுப்பாக்கப்பட்டது. முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு தென்னிலங்கைப் பேரினவாதிகள் முன்னர் எழுப்பிய கூக்குரலைத் தமிழ் வாய்களும் எழுப்பின. அதே ஆண்டு யூனிலே, கல்முனை வடக்குப் பிரதேச செயலகக் கோரிக்கைக்கான உண்ணாவிரத மேடையில் பௌத்த பிக்குவும் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்தனர்; முஸ்லிம் எதிர்ப்பிற் பெயர்பெற்ற பொதுபல சேனாவின் தலைவர் அங்கு வந்தபோது வரவேற்பும் கிடைத்தது. கோரிக்கையின் நியாயம் வேறு விடயம். தனது அயலவனுக்கு எதிராகப் பொது ஒடுக்குநரின் கையைப் பற்றிய செயலே எமது கவனத்துக்குரியது.

சைவ, கிறிஸ்தவ உறவிலும் இதே நோய் தென்பட்டது. 2016இல் வவுனியாவிலே தொடங்கப்பட்ட சிவசேனை இந்தியாவின் இந்துத்துவ மொழியைத் தமிழர் நடுவே புகுத்த முயன்றது. மன்னாரிலே 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்னாள், திருக்கேதீச்சர வளைவு கத்தோலிக்கர் சிலராற் பிடுங்கி எறியப்பட்டது. போர்க்காலத்திலே ஒரே பதுங்குகுழியிற் கிடந்தவர்கள் ஒரு வளைவுக்காகக் கைகலந்தனர்.

திருகோணமலை நகரிலே இச்சோதனை ஒரு பாடசாலை வாயிலில் வந்து நின்றது. 2018 ஏப்பிரலிலே ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்துவந்தமைக்கு எதிராகப் பெற்றோரும் பழைய மாணவியரும் ஆர்ப்பாட்டஞ் செய்தனர். ஆசிரியைகள் இடமாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் சார்பிலே பரிந்துரைத்தது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை மீண்டும் கடமையேற்க வந்தபோது புதிதாக மோதல் மூண்டது. இருதரப்பும் முறைப்பாடு செய்தன. விவகாரம் நீதிமன்றம் சென்றது.

ஆர்ப்பாட்டக்காரரின் வாதத்தை நாம் இகழ்ந்து ஒதுக்கவில்லை. மிஷனரிக் கல்வியின் மேலாட்சிக்கு எதிராகச் சைவர் தம் பொருளையும் உழைப்பையும் கொட்டி எழுப்பிய பாடசாலைகளுக்கு ஒரு பண்பாட்டுக் கடமை உண்டு என்ற உணர்வு வரலாற்று நியாயம் உடையது. ஆனால் அந்நியாயம் எதிலிருந்து பிறந்தது? தன் மகள் கல்வி பெறும்பொருட்டுத் திருநீற்றை அழிக்கவோ மதம் மாறவோ நேரலாகாது என்ற பெற்றோரின் உறுதியிலிருந்து. ஆடையையும் நெற்றிக்குறியையும் கல்விக்கு விலையாகக் கேட்கலாகாது என்பதற்காக எழுந்த நிறுவனம், ஆசிரியையின் ஆடையைத் தொழிலுக்கு விலையாகக் கேட்டபோது, தனது தோற்றத்துக்குரிய நியாயத்தையே மறுத்துக்கொண்டது. மேலும் அது அரச சம்பளம் பெறும் ஆசிரியர்கள் கற்பிக்கும் பாடசாலை. அபாயா பெண்ணடிமையின் சின்னம் என்று சில முற்போக்கு நண்பர்கள் வாதிட்டனர். அவ்வாடை பற்றிய விவாதம் முஸ்லிம் பெண்களிடையே நடைபெறுகின்றது, நடைபெறவும் வேண்டும். வாயிலில் நின்று கோஷமிடும் கூட்டம் அவ்விவாதத்தைத் தொடங்கிவைப்பதில்லை, வாயடைக்கின்றது. அடுத்த ஆண்டே அவசரகாலச் சட்டத்தின்கீழ் முகமூடும் ஆடை தடைசெய்யப்பட்டு, தெருவிலும் மருத்துவமனையிலும் முஸ்லிம் பெண்கள் அவமதிக்கப்பட்டபோது, திருகோணமலையின் ஆர்ப்பாட்டம் ஒத்திகைபோல் அமைந்துவிட்டது.

இனி, இதற்கு நேர்மாறான அனுபவத்தையும் நோக்குவோம். 2020 ஏப்பிரலிலே அரசாங்கம் கொவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்படவேண்டும் என்று வர்த்தமானியில் விதித்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கு இடமளித்திருந்தது. விதிக்கு மருத்துவக் காரணம் கூறப்பட்டதேனும், அடக்கம் மறுக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு அது மதத்தின் மீதான தண்டனையாகவே அமைந்தது. அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவரும் பாதிக்கப்பட்டனர். டிசெம்பரிலே உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அதே மாதத்தில், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதனையடுத்துப் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியிலே வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். அத்துணியின் பொருள் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் சிங்களவருக்கும் விளங்கிற்று, விளக்கவுரை தேவைப்படவில்லை.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி திருகோணமலையூடாகச் சென்றது. காணி அபகரிப்பு, கோயில் நிலங்களின் பௌத்தமயமாக்கம், காணாமலாக்கப்பட்டோர், மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா சம்பளம் ஆகியவற்றோடு முஸ்லிம் சனாசாக்களின் கட்டாய எரிப்புக்கு எதிர்ப்பும் அதன் கோரிக்கையாயிற்று. வழியிலுள்ள முஸ்லிம் ஊர்களின் மக்கள் அதிற் சேர்ந்து நடந்தனர். 1956ஆம் ஆண்டின் யாத்திரைக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். முன்னையது, நீங்களும் தமிழ் பேசுவதால் எமது கோரிக்கை உங்களுடையது என்று முஸ்லிம்களை நோக்கிச் சொன்னது. பின்னையது, உங்களது சனாசாவின் கண்ணியம் எமது கோரிக்கை என்று சொன்னது. பிறனுடைய காயத்தை அவனுடைய சொல்லாலேயே பெயரிட்டமைதான் இங்கு புதியது. அப்பேரணியின் பின் கட்சிகளிடையே எழுந்த உரிமைப் பிணக்குகள் அதன் பெறுமதியைக் குறைத்தனவேனும், அழித்துவிடவில்லை.

இதனினும் கடுமையான சோதனை அடுத்த மாதம் வந்தது. அடக்கத்துக்கு இணங்கிய அரசாங்கம், அதற்குரிய இடமாக மார்ச் முதல் வாரத்தில் இரணைதீவை அறிவித்தது. கிளிநொச்சி மாவட்டத்துத் தீவாகிய அது தமிழ்க் கத்தோலிக்க மீனவரது ஊர். போராற் பெயர்க்கப்பட்டு, கடற்படை நிலைகொண்டிருந்த தம் தீவுக்கு 2018இலேதான், தாமே வள்ளங்களிற் சென்று, அவர்கள் மீண்டிருந்தனர். முஸ்லிம்களின் நீதியைக் கத்தோலிக்கரின் மண்ணிலிருந்து பறித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. கத்தோலிக்கர் மறுத்தால் முஸ்லிம் விரோதிகளாவர். முஸ்லிம்கள் ஏற்றால் ஆக்கிரமிப்பாளராவர். இரண்டும் நிகழவில்லை. தீவு மக்களும் அவர்தம் குருமாரும் அரசாங்கத்தின் முடிவையே எதிர்த்தனர். முஸ்லிம் அரசியற் பிரதிநிதிகளும் அவ்விடத்தை நிராகரித்தனர். சில நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி தெரிவுசெய்யப்பட்டு, மார்ச் 5இல் முதல் அடக்கங்கள் நடைபெற்றன. காலப்போக்கிலே அம்மண்ணில் முஸ்லிம்களோடு ஏனைய மதத்தவரும் புதைக்கப்பட்டனர். 2024 யூலையிலே அமைச்சரவை கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்க முடிவுசெய்தது. எரித்த உடலை அது மீட்டுத்தராது.

இரணைதீவு நிகழ்ச்சி போதிய அளவு எழுதப்படவில்லை. சர்வமதக் கூட்டங்களிலே நான்கு மதகுருமார் ஒரு குத்துவிளக்கை ஏற்றும் புகைப்படத்துக்கு எமது பத்திரிகைகள் அளிக்கும் இடத்தில் ஒரு பங்கேனும் அதற்குக் கிட்டவில்லை. விளக்கேற்றுவதிலே யாரும் எதனையும் இழப்பதில்லை. இரணைதீவிலே இருசாராரும் தமக்கு அவசரமாக வேண்டியிருந்த ஒன்றை, மற்றவனின் இழப்பில் ஏற்க மறுத்தனர்.

தமிழ்நாட்டு அனுபவமும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. 2019 டிசெம்பரில் நிறைவேறிய இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேசம் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழிதிறந்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இந்துக்களும் கிறிஸ்தவருமான இலங்கைத் தமிழ் அகதிகளும் இல்லை. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பிலே இவ்விரு விலக்கலும் ஒரே மூச்சிற் பேசப்பட்டன. இந்துக்களின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரின் சட்டத்தில், திருகோணமலையிலிருந்து படகேறி மண்டபம் சேர்ந்த சைவருக்கு இடமில்லாமற் போனமையைச் சிவசேனையின் ஆதரவாளர் ஆழ்ந்து சிந்திப்பது நன்று.

திருகோணமலைக்கு மீள்வோம். கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கான சனாதிபதி செயலணி 2020 யூனிலே நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்தின் அச்செயலணியில் இரு சமூகத்திலிருந்தும் ஒருவரேனும் இருக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்றிலே பிள்ளையார் கோயில் இருந்த இடத்துக்காகச் சைவர் 2019 யூலையில் ஒன்றுகூடினர். புல்மோட்டை அரிசிமலைப் பகுதியிலே தம் காணிகளுக்காக முஸ்லிம்கள் போராடினர். இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டிலும் எதிர்கொண்டது ஒரே தொல்லியல் வாதம், ஒரே நிர்வாக இயந்திரம். கன்னியாவிலே முஸ்லிம் அமைப்புகளும் அரிசிமலையிலே சைவ அமைப்புகளும் அணியாக நின்றிருப்பின், 'இது கோயிற் பிரச்சினை', 'இது காணிப் பிரச்சினை' என்று அவற்றைப் பிரித்தாள்வது இலகுவாயிராது. ஒருவரது வழக்கின் பத்திரங்களை மற்றவர் வாசித்தல், ஒருவருக்காக மற்றவரின் சட்டத்தரணி தோன்றுதல், ஒருவரது சாட்சிக்கு மற்றவர் உடனிருத்தல் என்னும் சிறிய, ஆரவாரமற்ற வேலைகளைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

அவ்வேலைக்கு முதற்றடை பாடசாலை. ஒரே மொழியிலே, ஒரே பாடத்திட்டத்திலே, ஒரே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்துக் கல்லூரி, முஸ்லிம் மகா வித்தியாலயம், கத்தோலிக்கப் பாடசாலை எனப் பிரிந்து பயில்கின்றனர். விடுமுறை நாட்காட்டியும் வேறு. இவர்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் சந்திப்பது பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியில், பத்தொன்பது, இருபது வயதில், கேள்விப்பட்ட கதைகள் யாவும் மனத்திலே இறுகிய பின்னர். எமது தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுப் பட்டியல்களை எடுத்து, கடந்த முப்பது ஆண்டுகளில் அவற்றின் தலைவராகவோ இதழாசிரியராகவோ எத்தனை முஸ்லிம் மாணவர், எத்தனை கிறிஸ்தவ மாணவர் இருந்தனர் என்று எண்ணிப் பார்த்தல் கடினமான ஆய்வன்று. பட்டியல்கள் எமது நூலக அலுமாரிகளிலேயே உள்ளன.